வாழையிலையில் கரண்டி

வாழையிலையின் மீது கரண்டி உரசும் ஓசையை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்துக் கேட்டேன். கரண்டியின் விளிம்பு இலையின் நரம்புகளில் இடறி இடறிப் போகும். சற்று அழுத்தினால் இலை கீறிக்கொள்ளும். அந்தக் கீறல் வழியே ரசம் மெல்ல இறங்கி, மேசையின் சரிவைத் தேடி, யாராவது ஒருவரின் மடியில் சொட்டும். பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தில், ஞாயிற்றுக்கிழமை நண்பகல் கூட்டத்தின் நடுவே, எங்கள் குடும்பம் முழுவதும் நீண்ட மேசையின் இருபுறமும் அமர்ந்து, வாழையிலைச் சோற்றைக் கரண்டியாலும் முள்கரண்டியாலும் உண்டுகொண்டிருந்தோம். சுற்றியிருந்த மேசைகளில் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பளத்தைக் கரண்டியால் உடைக்க முயன்ற என் அப்பாவின் இலையிலிருந்து ஒரு துண்டு பறந்து அடுத்த மேசைக்குப் போனது. யாரும் சிரிக்கவில்லை. மேசையின் முனையில் பெரியப்பா இடது கையில் கரண்டியைப் பிடித்தபடி எங்கள் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுடையது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். கிள்ளானில், மேருவுக்குப் போகும் சாலையை ஒட்டி வீடு வாங்கிக் குடியேறிய பிறகும், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் பிரிக்பீல்ட்ஸுக்குத்தான் பூசைக்கு வருவார். பூசை முடிந்ததும் குடும்பம் முழுவதையும் அந்த உணவகத்துக்கு அழைத்துப் போவார். ஓரத்து மேசையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூடத்தின் நடுவில், போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படும் மேசைதான் அவருக்கு வேண்டும். பரிமாறுகிறவர்களுடன் வம்பு பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. "என்ன தம்பி, மீன் இன்னைக்கு நீந்தி வந்துச்சா, லோரியில வந்துச்சா?" என்பார். "லோரியிலதான் அங்கிள். நீந்தி வந்திருந்தா நாளைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும்" என்று பதில் வரும். அந்தப் பேச்சு ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அப்படியே நடக்கும். ஒவ்வொரு மாதமும் அவர் அதைப் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

அவர் ரசம் ஊற்றிச் சாப்பிடுவதைப் பார்க்கவே சிறுவயதில் நான் அவருக்கு எதிரில் இடம் பிடிப்பேன். சோற்றை முதலில் விரல்களின் பின்புறத்தால் ஒதுக்கி வட்டமாகக் கரை கட்டுவார். உள்ளே ரசம் விழுந்ததும் கரையின் ஒரு பக்கத்தை மெல்ல இடித்து நடுவுக்குச் சேர்ப்பார். ஒரு சொட்டு வெளியே ஓடாது. விரல்களின் இரண்டாம் கணுவுக்கு மேல் ஈரம் ஏறாது. எங்களுக்கோ முழங்கை வரை வழியும். கையால் சாப்பிடுவது எல்லோருக்கும் பிறவியிலேயே வருவதில்லை, அதுவும் பழகிப் பெற வேண்டிய ஒன்றே என்பதை நான் புரிந்துகொண்டது அவருடைய இலையைப் பார்த்துத்தான்.

அந்த மேசையில் ஒரு சட்டமும் இருந்தது. பெரியப்பாவின் ஒரே மகனை நாங்கள் அண்ணன் என்று அழைப்போம். அவர் இயல்பிலேயே இடதுகைக்காரர். பந்து எறிவது, பென்சில் பிடிப்பது, கதவைத் திறப்பது எல்லாம் இடது கையால்தான். பள்ளியில் எழுதுவதைப் பெரியப்பா கண்டுகொள்ளவில்லை. சோற்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். அண்ணனின் கை மறந்துபோய் இலைக்கு வந்தால், "பீச்சாங்கையை எடு!" என்று ஒரு குரல் வரும், குரலோடு சேர்ந்து மணிக்கட்டில் ஓர் அடியும் விழும். பலமான அடியல்ல, ஆனால் அத்தனை பேர் நடுவில் விழும் அடி. அண்ணன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டு சாப்பிடுவார். வலது கையால் அவருக்குப் பருக்கை சிந்தும். சிந்தியதற்கும் திட்டு விழும். பெரியப்பா கொடுமைக்காரர் அல்லர். நாலு பேர் நடுவில் தன் மகனை யாரும் குறைவாகப் பார்த்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. நம் ஊரில் இடது கையின் வேலை என்ன என்பது எல்லா இனத்தாருக்கும் தெரியும். அந்தக் கையால் உண்பவரைப் பார்க்கும் பார்வையும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் மீண்டார். பேச்சு முதலில் குழறி, பின்பு ஏறக்குறைய சரியானது. கைத்தடியின் துணையுடன் நடந்தார். ஆனால் வலது கை திரும்பவில்லை. அது அவருடைய உடலோடு தொங்கிக்கொண்டு, அவருக்குச் சொந்தமில்லாத ஒரு பொருள்போல அவருடன் வந்தது. வீட்டில் தட்டில் சோறு போட்டு, இடது கையில் கரண்டி கொடுத்தார்கள். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார். வெளியே சாப்பிட அழைத்தபோது மட்டும், "நீங்க போங்க, எனக்குத் தாப்பாவ் பண்ணிட்டு வாங்க" என்றார். பொட்டலத்தில் வந்த சோற்றையும் பாதிதான் உண்டார்.

சாப்பாடு ஒன்றுதானே என்று முதலில் நாங்கள் நினைத்தோம். அதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. பூசைக்குப் பிறகு உணவகம் என்பதால் பிரிக்பீல்ட்ஸ் பூசைக்குப் போவதை நிறுத்தினார். பந்தியில் உட்கார வேண்டும் என்பதால் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். பழைய ரயில்வே நண்பர்கள் சந்திப்பதே கடையில் தேநீரும் தோசையும் வைத்துக்கொண்டுதான். அவர்களுக்கும் ஏதேதோ காரணம் சொன்னார். நம்மிடையே துக்க வீட்டிலிருந்து பிறந்தநாள் வரை எந்தக் கூடுகையும் சோற்றில்தான் முடிகிறது. பிறர் முன்னிலையில் உண்ண முடியாதவர், யாரும் வெளியேற்றாமலேயே, ஒவ்வொன்றிலிருந்தும் தானாக வெளியேறிவிடுகிறார். ஆண்டு முடிவதற்குள் பெரியப்பாவின் உலகம் ஒரு கூடம், ஒரு நாற்காலி, ஒரு தொலைக்காட்சி என்று சுருங்கிவிட்டது. இப்படியே இருந்தால் மனம் முற்றிலும் ஒடுங்கிவிடும் என்று சிகிச்சை அளித்த பெண் பெரியம்மாவைத் தனியே அழைத்து எச்சரித்தார்.

கரண்டித் திட்டம் பெரியம்மாவுடையது. பெரியப்பாவின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதற்கு முந்திய நாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கட்டளையிட்டார்.

"எல்லாரும் ஸ்பூன்ல சாப்பிட்டா அவரு மட்டும் தனியா தெரியமாட்டாரு. மறந்துபோய் யாரும் இலையில கையை வச்சிடாதீங்க, சொல்லிட்டேன்."

"நண்டுக்கு என்ன அண்ணி பண்றது?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு நாளைக்கு நண்டு சாப்பிடலைன்னா ஒண்ணும் ஆயிடாது தம்பி. உங்க வாய்க்கும் கொஞ்சம் லீவு விடுங்க."

எனக்கு அந்தத் திட்டம் மிகவும் சரியாகப் பட்டது. குறை மனிதரிடம் இல்லை, சூழலில்தான் இருக்கிறது. சூழலை மாற்றினால் குறை மறைந்துவிடும் என்று வகுப்பில் படித்ததை, வகுப்புக்கே போகாத பெரியம்மா அன்பினால் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து மகிழ்ந்தேன்.

மறுநாள், வெகுநேரம் கெஞ்சிக் கூத்தாடி, பெரியப்பாவைக் காரில் ஏற்றினோம். உணவகத்தில் பழைய இடத்திலேயே மேசை போட்டிருந்தார்கள். இலை விரித்து, சோறு போட்டு, பாகற்காய் வறுவலும் கூட்டும் வைத்துக் குழம்பு ஊற்றினார்கள். பெரியம்மா எங்களைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினார். எல்லோரும் ஒரே நேரத்தில் கரண்டியை எடுத்தோம். நான் மேலே சொன்ன ஓசை தொடங்கியது.

பெரியப்பாவின் பார்வை இலை இலையாக வந்து கடைசியில் அண்ணனிடம் நின்றது. அண்ணன் கரண்டியை இடது கையில் பிடித்திருந்தார். கரண்டிதானே என்ற எண்ணத்தில், யோசிக்காமல், அவருக்கு இயல்பான கையால் எடுத்திருந்தார். எங்கள் எல்லோரிலும் அவர் ஒருவர்தான் அன்று சிந்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தக் கைடா அது?" என்றார் பெரியப்பா.

அண்ணன் திடுக்கிட்டுக் கரண்டியை இலையில் போட்டார். முப்பது வயதைத் தாண்டியவரின் இடது கை மேசைக்கு அடியில் போய் ஒளிந்தது. "ஸ்பூன்தானேப்பா..." என்றார்.

பெரியப்பா மேசைக்கு அடியில் போன அந்தக் கையைத் தேடுவதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையிலிருந்த கரண்டியைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றார். பெரியம்மா, "என்னாங்க, இன்னும் ரசம்கூட..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறந்தநாள் சாப்பாடு அப்படியே இலையில் கிடக்க, நாங்கள் வரிசையாக எழுந்து வெளியே வந்தோம்.

எங்கள் பரிதாபம்தான் அவரைக் காயப்படுத்தியது என்று வெகுநாள் நம்பினேன். தன் நோயை அத்தனை இலைகளிலும் பெருக்கிக் காட்டிவிட்டோம் என்று தோன்றியது. அதில் பாதி உண்மை இருக்கலாம். மீதிப் பாதியைப் பின்னாளில் அண்ணன் சொன்னார். அடுத்த வாரம் பெரியப்பா அவரைத் தனியாக வரச் சொன்னாராம். பெரியம்மாவை ஏதோ சாக்குச் சொல்லிப் பாசாருக்குக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டாராம்.

"ஹாஸ்டல்ல இருந்தப்போ எந்தக் கையில சாப்பிட்டேன்னு கேட்டாரு. எனக்கு இன்னும் பயம், லா. இருந்தாலும் உண்மையைச் சொன்னேன், இடது கையிலதாம்ப்பான்னு. 'காட்டு'ன்னாரு."

"திட்டினாரா?"

"திட்டலை. ரெண்டு பேருக்கும் பருப்புச் சோறு போட்டேன். என் கையையே பார்த்தாரு. அப்புறம் அவரும் வச்சாரு. எல்லாம் சிந்திடுச்சு. 'கட்டை விரலை உள்ள தள்ளணும் போல'ன்னாரு. ஆமாப்பான்னேன். அவ்வளவுதான்."

மன்னிப்பு என்ற சொல் அந்தச் சமையலறையில் வரவில்லை. மணிக்கட்டில் விழுந்த அடிகளைப் பற்றியும் பேச்சு இல்லை. ஆனால் தான் அடித்து விலக்கிய கையிடமே போய், எப்படிச் செய்கிறாய் என்று கேட்பதற்கு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க வேண்டும் என்பதை நான் இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். அதன் பிறகு பல வாரங்கள் அண்ணன் சனிக்கிழமை தோறும் வந்தார். பெரியம்மாவுக்குச் சனிக்கிழமை தோறும் பாசாரில் வேலை இருந்தது. அவர் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. தரையில் பருக்கைகளைப் பெருக்கும்போது தெரிந்துகொண்டிருப்பார்.

பிறகு ஒருநாள், வார நாளில், பெரியம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குளித்துவிட்டு வருவதற்குள் பெரியப்பாவைக் காணவில்லை, கைத்தடியைக் காணவில்லை, கைப்பேசி மட்டும் நாற்காலியில் கிடக்கிறது என்றார். அப்போது நான் ஷா ஆலத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மாள், அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றதையும், நகரத்துக்குப் போகும் பேருந்தில் ஏறியதையும் பார்த்ததாகச் சொன்னார். பேருந்துப் படிகளின் உயரம்தான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. பெரியம்மா வழியெல்லாம் செபம் சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே அவரைத் திட்டவும் செய்தார். "அருள் நிறைந்த மரியே... இந்த மனுசனுக்கு அறிவிருக்காம்மா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?"

கிள்ளானின் பழைய கடைத்தெருவில், பூக்கடைகளைத் தாண்டி, மூன்றாவதாக எட்டிப் பார்த்த உணவகத்தில் அவர் இருந்தார். கூடத்தின் நடுவில், நாலு பேர் உட்காரும் மேசையில், தனியாக. முன்னால் இலை. வலது கை மடியில் கிடந்தது. இடது கை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. பெரியம்மா உள்ளே பாய்ந்தார். நான் பிடிப்பதற்குள் அவரே நின்றுவிட்டார். குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை காலியாக இருந்தது. அதில் என்னையும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்து நின்ற பணியாளரிடம், "ரெண்டு டீ தம்பி. மெதுவா கொண்டு வந்தா போதும்" என்றார்.

அவர் நன்றாகச் சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. உருண்டை வாய்க்குப் போகும் வழியில் பாதி உதிர்ந்தது. சட்டையில் குழம்பு சொட்டியிருந்தது. பக்கத்து மேசைப் பெண்மணி ஒருமுறை அவருடைய கையைப் பார்த்தார். முகம் சற்றுச் சுருங்கியது. பிறகு தன் இலைக்குத் திரும்பிவிட்டார். பெரியப்பா அதைக் கவனித்தார். கை ஒரு கணம் நின்றது. மறுபடி பிசையத் தொடங்கியது. சோற்று வாளியுடன் வந்தவர் பழக்கத்தினால் வலப்பக்கமாக வந்து நிற்க, பெரியப்பா தலையை அசைத்தார்.

"இந்தப் பக்கம் வா தம்பி. அந்தக் கை பென்ஷன் வாங்கிடுச்சு. இப்போ இதுதான் டூட்டியில இருக்கு."

"டூட்டி பலமா இருக்கு போல அங்கிள். இன்னும் கொஞ்சம் சோறு?"

"புது ஆளுப்பா, வேலை தெரியாது. பாதியைக் கீழ போடுது. அதையும் சேர்த்துப் போடு."

பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை.

இப்போது நான் செய்யும் வேலை, பொதுக் கட்டடங்களில் சாய்தளம் எங்கே வேண்டும், கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று ஆலோசனை சொல்வது. அந்த வேலையின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்நாளில் பேருந்துகளின் படி தாழ்வாக இருந்திருந்தால், வேறு யாரோ ஒரு பெரியப்பா அவருக்கு முன்பே வெளியே வந்திருக்கக்கூடும். ஆனாலும் ஒவ்வொரு வரைபடத்தின் முன்னும் ஒரு தயக்கம் எனக்கு வருகிறது. ஒருவருக்கு வசதி செய்து தருவதற்கும் அவருக்குப் பதிலாக நாமே முடிவு செய்துவிடுவதற்கும் இடையில் கோடு எங்கே இருக்கிறது? உணவகங்களுக்குப் போகும்போது இப்போதெல்லாம் இடது கையால் இலையில் உண்பவர்களை அங்கொருவர் இங்கொருவராகப் பார்க்கிறேன். அண்ணனின் மகளும் அப்படித்தான் சாப்பிடுகிறாள். பெரியப்பா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கடைசிவரை அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சிந்தினால் மட்டும் திட்டுவார்.

கிள்ளான் உணவகத்தில் அந்த நண்பகலில் பெரியப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தார். ஒரு கை தன்னைத்தானே எப்படிக் கழுவிக்கொள்ளும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. குழாயை முழங்கையால் திருகினார். சவர்க்காரப் புட்டியின் தலையை அழுத்தினால் திரவம் தொட்டியில் விழுந்தது. ஏந்துவதற்கு இன்னொரு கை இல்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி தொட்டியில் விழுந்தது. பெரியம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றார். பக்கத்தில் கைகழுவிக்கொண்டிருந்த ஒரு லோரி ஓட்டுநர், காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிய கைப்பேசியில், "வரேன் லா, பாஸ்! இப்போதான் சாப்பிட்டேன்" என்று கத்தியபடியே, பெரியப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், புட்டியின் தலையை ஒரு தட்டுத் தட்டினார். திரவம் பெரியப்பாவின் உள்ளங்கையில் விழுந்தது. அவரும் ஓட்டுநரைப் பார்க்கவில்லை. தொட்டியின் விளிம்பில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பெரியம்மா மெல்ல உட்கார்ந்தார்.

கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்த பெரியப்பா, குளிர்பானப் பெட்டியைத் தாண்டும்போது எங்கள் பக்கம் திரும்பவில்லை. நடையும் நிற்கவில்லை.

"டீ குடிச்சாச்சுன்னா வாங்க. வெயில் ஏறுது" என்றார்.

நான் பதறி எழுந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "இரும்மா. கொஞ்சம் முன்னால போகட்டும்" என்று சொல்லிவிட்டு, எப்போதோ காலியாகிவிட்ட தேநீர்க் குவளையை எடுத்து, அதில் இன்னும் நிறைய மிச்சம் இருப்பதுபோல, நிதானமாக உறிஞ்சத் தொடங்கினார்.